லீவு நாள் தலைவலி

"ஏம்மா, உனக்கு லீவு நாள்ல மட்டும் தலை வலிக்குது?"

முன்பல் இரண்டும் விழுந்து, பேசினால் பாதி காற்றாக வரும் வயதில் குருவி ஒரு நாள் இப்படிக் கேட்டாள். சத்தமாகக் கேட்கவில்லை. அம்மா படுத்திருந்த இருட்டறையின் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, அந்தச் சந்தில் வாயை வைத்து ஊதுவதுபோலக் கேட்டாள். அம்மாவின் வலது கண்ணுக்குப் பின்னால் அப்போது யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். "அப்புறம் சொல்றேன்டா கண்ணு" என்று முனகியதோடு சரி. அந்த அப்புறம் வரவேயில்லை.

பெரியவர்கள் பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்குக் குழந்தைகள் தாங்களே ஒரு பதில் வைத்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் தங்களுக்கு எதிரான பதிலாகவே இருக்கும். குருவியும் ஒரு பதில் வைத்துக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. வாய் ஓயாமல் கீச்சுக் கீச்சென்று பேசுகிறாள் என்றுதான் அவள் அப்பா அவளுக்குக் குருவி என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். பல் முளைத்து வாய் நிறைந்தபோது பேச்சு குறைந்து போயிருந்தது. வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கும் பிள்ளையாக அவள் வளர்ந்தாள்.

குருவியின் அம்மா பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில், சிமெண்டுபோல இறுகும் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி எடுப்பார்கள். அந்த மாவு ஈறின் மேல் இளஞ்சிவப்பு மெழுகை உருக்கி, ஒவ்வொரு பல்லாக நட்டு நிறுத்துவது இவள் வேலை. எதிரே சின்ன விளக்கின் நெருப்பு. பக்கத்தில் பிளாஸ்டிக் திரவத்தின் நெடி. அந்த நெடி மூக்கில் ஏறினால் புதிதாக வருபவர்கள் ஜன்னலைத் தேடி ஓடுவார்கள். மூலையில் மெருகேற்றும் சக்கரம் நாள் முழுக்க ஊளையிடும். தலைவலி வருவதற்கு இதைவிடத் தோதான இடம் வேண்டுமா? ஆனால் அங்கே அவளுக்குத் தலை வலித்ததே இல்லை. வாரம் முழுக்க நெருப்புக்கும் நெடிக்கும் நடுவில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள். லீவு விட்டால் போதும், சுருண்டு விழுவாள்.

"நம்ம கூடத்த விட்டுப் பிரிய உனக்கு மனசே இல்ல தங்கச்சி. அதான் ஏக்கத்துல தலை வலிக்குது" என்பார் மாவண்ணன்.

மாவு ஊற்றும் வேலை அவருடையது. வேலை முடிந்து போகும்போது புருவம், காது, மூக்குமுடி எல்லாம் வெள்ளையாக இருக்கும். அதனால் அந்தப் பெயர். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நேரத்துக்கு டீ வேண்டும், நேரத்துக்கு எதையாவது கடிக்க வேண்டும். தனியாகச் சாப்பிட்டால் அவருக்குத் தொண்டையில் இறங்காது. எனவே காலையில் வந்ததும் கெண்டியில் டீ போட்டு, ரொட்டியோ பன்னோ பங்கிட்டு, ஒவ்வொருவர் மேசைக்கும் கொண்டுவந்து வைப்பார். "வேலை ஓடிப்போயிடாது, அதுக்குக் கால் கிடையாது. முதல்ல இதத் தின்னு" என்று சொல்லிவிட்டு, தின்கிற வரை பக்கத்திலேயே நிற்பார். மத்தியானம், மாலை இரண்டு வேளையும் இதே கூத்துதான். பக்கத்தில் தண்ணீர்க் குவளை காலியாக இருந்தால் முணுமுணுத்துக்கொண்டே நிரப்பிவிட்டுப் போவார். எல்லாரும் அவரைக் கேலி செய்துகொண்டே சாப்பிட்டார்கள்.

லீவு நாளில் வீடு வேறு மாதிரி இருக்கும்.

குருவியின் அப்பா நகரப் பேருந்து ஓட்டுபவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் வாழும் மனிதர் லீவு நாளில் வீட்டைக் கோயில்போல வைத்திருந்தார். "பாவம், வாரம் பூரா உழைக்கிறா. ஒரு நாளாவது நல்லாத் தூங்கட்டும்" என்பது அவர் நினைப்பு. விடியும்போதே எழுந்து ஜன்னலில் தடித்த போர்வையைக் கட்டித் தொங்கவிடுவார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக் குளியலறையில் வைப்பார். குருவிக்குப் பாலைக் கொடுத்து, வெளியே மாடிப்படிக்குக் கூட்டிப் போய் இருவரும் பகடை ஆடுவார்கள். காய் உருளும் சத்தம் கேட்கக் கூடாது என்று மடித்த துண்டின் மேல் உருட்டுவார்கள். ஆறு விழுந்தாலும் கைதட்டக் கூடாது. கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொள்வார்கள். அந்த வீட்டில் ஆளே இல்லை என்று எதிர்வீட்டுக்காரர்கள் வெகுநாள் நினைத்திருந்தார்கள்.

வெயில் ஏறி வெகு நேரம் கழித்து அம்மா எழுவாள். எழும்போதே கழுத்து இறுகியிருக்கும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும். நாக்கு எதையாவது தித்திப்பாகக் கேட்கும். தலை மட்டும் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். "இன்னிக்கு ஒண்ணும் இல்ல, நாம வெளிய போலாம்" என்று குருவியிடம் சொல்வாள். குருவி செருப்பைத் தேடி ஓடுவாள். அவள் செருப்பு மாட்டி வருவதற்குள் அம்மாவின் பார்வையின் ஓரத்தில் உடைந்த கண்ணாடித் துண்டில் வெயில் பட்டதுபோல ஒரு மினுக்கம் தொடங்கிவிடும். பிறகு ஆணி, குமட்டல், இருட்டறை. குருவி சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றி வைப்பாள்.

கீழ்மாடியில் நாத்தனார் குடியிருந்தாள். தம்பி குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருப்பவள். தம்பி பெண்டாட்டி சுருண்டு கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் போனில் படித்துப் படித்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள்.

"சாப்பாட்டுலதான் இருக்காம் எல்லாம். நேத்து என்ன சாப்பிட்ட? இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்ட? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் சாப்பிடல அண்ணி. குருவிக்குப் பள்ளிக்கூடத்துல பரிசா சாக்லேட் குடுத்தாங்களாம். எனக்குத் தித்திப்பா ஏதாவது வேணும்போல இருந்துச்சு. பாதி வாங்கித் தின்னேன்."

"அதானே பார்த்தேன்!" நாத்தனார் தொடையில் தட்டினாள். "சாக்லேட்டு! முதல் குற்றவாளியே அதுதான்!"

அன்று முதல் சாக்லேட் நின்றது. அடுத்து சீஸ். அப்புறம் ஆரஞ்சு, தக்காளி, ஊறுகாய், பருப்பு வகை, வாழைப்பழம். ஒவ்வொரு வாரமும் ஒரு பொருளுக்குத் தடை வந்தது.

"அக்கா, இனி அவ காத்தத்தான் தின்னணும். அதுலயும் தூசி இல்லாத காத்தா நீதான் பொறுக்கிக் குடுக்கணும்" என்றார் குருவியின் அப்பா.

"நீ பேசாம இருடா. பஸ் ஓட்டத் தெரிஞ்சா போதுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். குருவி சிரிக்கவில்லை. அத்தை பழி சொன்ன அன்றே மீதிப் பாதி சாக்லேட்டைத் தாளோடு கசக்கிக் குப்பைக்கூடையின் அடியில் யாருக்கும் தெரியாமல் போட்டுவிட்டு வந்திருந்தாள். அதன் பிறகு யார் சாக்லேட் கொடுத்தாலும் "எனக்குப் பிடிக்காது" என்றாள். பிள்ளைக்கு நல்ல பழக்கம் வந்திருக்கிறது என்று வீடு சந்தோஷப்பட்டது.

தட்டில் பண்டம் குறையக் குறைய அம்மா சாப்பிடுவதும் குறைந்தது. எதைத் தொட்டாலும் பயம். பட்டினி கிடப்பதே பத்திரம் என்று ஆயிற்று. கூடத்தில் மாவண்ணன் வைக்கும் பன்னைக்கூட "வேணாம்ண்ணே, அதுல என்ன போட்டிருக்கானோ" என்று ஒதுக்கினாள். லீவுக்கு முந்தின சாயங்காலமே முன்ஜாக்கிரதையாக வலி மாத்திரை ஒன்று. மறுநாள் வலி வந்தால் இன்னும் இரண்டு. வராத நாளிலும் வந்துவிடுமோ என்று ஒன்று. கைப்பையைத் திறந்தால் மாத்திரை அட்டைதான் முதலில் கையில் தட்டுப்பட்டது. தூங்கப் போகும்போது "கடவுளே, ஒரே ஒரு லீவு நாளை எனக்கு முழுசாகக் கொடு. பிள்ளையோடு இருக்க வேண்டும்" என்று வேண்டிக்கொள்வாள். பேராசை இல்லாத வேண்டுதல். இருந்தும் நடந்தது வேறு. வேலை நாளிலும் வலி வரத் தொடங்கியது.

ஒரு நாள் காலை அவள் பல் நட்டுக்கொண்டிருந்தபோது மாவண்ணன் பன்னோடு வந்தார். மேசையில் இருந்த பல்செட்டைப் பார்த்தார். குனிந்து மறுபடியும் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தப் பல்செட்டுக்காரர் யாரு, ஏதாவது ராட்சசன் வேஷம் கட்டுறவரா?"

அவள் பார்த்தாள். இடப்பக்கக் கோரைப்பல் வலப்பக்கத்திலும், வலப்பக்கத்துக் கோரைப்பல் இடப்பக்கத்திலும் முறைத்துக்கொண்டு நின்றன. இத்தனை வருஷத்தில் கற்றுக்குட்டிகூடச் செய்யாத பிழை.

"இதப் போட்டுக்கிட்டு அந்த ஐயா சிரிச்சார்னா பேரப்பிள்ளைங்க வீட்ட விட்டு ஓடிடும்" என்றார் மாவண்ணன். சொன்னவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "மெழுகுதானே, பிடுங்கி மாத்திக்கலாம், விடு. ஆனா நீ இப்படியே இருக்கக் கூடாதும்மா. அண்ணி சொன்னாங்க ஆட்டுக்குட்டி சொன்னாங்கன்னு இல்லாம, படிச்ச டாக்டர் ஒருத்தர்கிட்டப் போ. இன்னிக்கே போ. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் போனாள்.

டாக்டர் அவளைவிடச் சின்னவள். இவள் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்ததும் எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டுத்தான் பேசவே தொடங்கினாள். அந்த ஒரு காரியத்திலேயே இவளுக்குப் பாதி பாரம் இறங்கியது. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், முழங்காலைத் தட்டினாள், கைகளை நீட்டச் சொன்னாள், நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள்.

"பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. ஒற்றைத் தலைவலிதான். மைக்ரேன். உங்க வேலை நாள் எப்படிப் போகும், காலைல இருந்து சொல்லுங்க."

அவள் சொன்னாள். அதிகாலையில் எழுவது, டீ, பன், பல், தண்ணீர், சாப்பாடு, மறுபடி டீ. சொல்லச் சொல்ல மாவண்ணனுடைய குரலே கூடவே கேட்டது.

"இப்ப லீவு நாளச் சொல்லுங்க."

"லீவு நாள்ல வீட்டுக்காரர் என்னை எழுப்பவே மாட்டார் டாக்டர். தங்கமான மனுஷன். வெயில் வந்தப்புறம்தான் எழுந்திரிப்பேன். அப்புறம் மெதுவா டீ. பசிக்காது, அதனால சாப்பாடு எப்பவாவது..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"இந்தத் தலைவலி இருக்கிறவங்க மூளை ரொம்பக் கறாரான ஆளும்மா" என்றாள் டாக்டர். "நேரத்துக்குத் தூக்கம், நேரத்துக்கு எழுந்திரிக்கிறது, நேரத்துக்குச் சாப்பாடு, தண்ணி. இதுல ஒண்ணு தள்ளிப்போனாலும் அதுக்குக் கோபம் வரும். தூக்கம் குறைஞ்சாலும் வரும், அதிகமானாலும் வரும். தினமும் காலைல டீ குடிச்சுப் பழகின உடம்புக்கு, டீ தாமதமானாலே வலிக்கும். வாரம் பூரா ஓடிட்டுத் திடீர்னு நின்னா அதுவும் ஒரு காரணம். உங்க லீவு நாள்ல இது எல்லாமே ஒண்ணா நடக்குது."

"அப்ப சாக்லேட்டு?"

"சிலருக்கு ஏதோ ஒரு சாப்பாடு ஒத்துக்காமப் போகலாம். ஆனா தித்திப்பா வேணும்னு தோணுறது, கொட்டாவி, கழுத்து இறுக்கம், இதெல்லாம் பல பேருக்கு வலி ஏற்கெனவே கிளம்பிடுச்சுங்கிறதுக்கு அடையாளம். வலி வரப்போறதாலதான் நீங்க சாக்லேட் கேட்டிருப்பீங்க. பழி மட்டும் சாக்லேட் மேல விழுந்திருக்கும். எல்லாத்தையும் நிறுத்திட்டுப் பட்டினி கிடக்கிறீங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு."

மாத்திரையைப் பற்றிச் சொன்னபோதுதான் டாக்டர் முகம் கொஞ்சம் கண்டிப்பானது. வலி மாத்திரையை அடிக்கடி விழுங்கினால் அந்த மாத்திரையே வலியைக் கொண்டுவரும் என்றாள். வலி தொடங்கியதும் ஒன்று போடலாம், வராத வலிக்கு முன்கூட்டியே போடக் கூடாது. வாரத்தில் இத்தனைக்கு மேல் கூடாது என்று அளவு சொன்னாள். நிறுத்தும்போது முதலில் சில நாள் கஷ்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் குறையாவிட்டால் வராமல் தடுக்க வேறு மருந்து இருக்கிறது, திரும்பி வரும்போது பார்க்கலாம் என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. தலைவலியைப் பற்றி அல்ல. அவரிடம் இதை எப்படிச் சொல்வது? போர்வை கட்டிய கையிடம், கடிகாரத்தைத் துண்டில் சுற்றிய கையிடம், நீங்கள் காட்டிய அன்பில்தான் கோளாறு என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லாவிட்டால் அடுத்த லீவுக்கும் போர்வை தொங்கும்.

மாலையில் டீ குடிக்கும்போது சுற்றி வளைத்துச் சொன்னாள். டாக்டர் திரையை இழுத்துவிட்டதில் தொடங்கி, மூளை கறாரான ஆள் என்பதில் வந்து நின்று, "அதனால... லீவு நாள்லயும் என்னைச் சீக்கிரமே எழுப்பி விட்டுடுங்களேன்" என்று முடித்தாள்.

குருவியின் அப்பா டம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தார். பேருந்தைத் தவறான வழியில் வெகுதூரம் ஓட்டிவந்துவிட்டவர்போல அவர் முகம் இருந்தது.

"அப்ப இத்தனை நாளா உன்னை நான்தான் படுக்க வச்சிருக்கேன்."

"என்னங்க இது? நீங்க இல்லன்னா அந்த வலியில நான் எப்படிக் கிடந்திருப்பேன்?"

"வலிய நானே குடுத்துட்டு, நானே இருட்டையும் போட்டுக் குடுத்திருக்கேன். என்ன உபகாரம் பாரு." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "போர்வை வேற. அதுவும் நல்ல போர்வை."

அப்போதுதான் கதவுப் பக்கம் சின்னச் சத்தம் கேட்டது. குருவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அப்பாவாலதான் வலி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"யாராலயும் இல்லடா" என்றாள் அம்மா.

"அப்ப என்னால இல்லயா?"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உன்னாலயா? உன்னால எப்படிக் கண்ணு?"

"வேலைக்குப் போற நாள்ல நீ என்கூட இருக்க மாட்ட, வலி வராது. லீவு நாள்ல என்கூட இருப்ப, வலி வரும்." கணக்குப் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். நெடுநாள் மனப்பாடம் செய்து வைத்த கணக்கு. "அப்புறம் சாக்லேட்டும் நான்தானே குடுத்தேன். அத்தை சொன்னாங்களே."

அவள் அழவில்லை. அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. குறுக்கே இருந்த நாற்காலியை நகர்த்தக்கூட நினைக்காமல் எழுந்து ஓடிப்போய்ப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். நாற்காலி விழுந்து பெரும் சத்தம் எழுந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! குருவி பழக்கத்தில் காதைப் பொத்தப் போனாள். தன் காதை அல்ல, அம்மாவின் காதை.

"நீ குடுத்ததால இல்லடா தங்கம். வலி ஏற்கெனவே வாசல்ல வந்து நின்னுடுச்சு. அதுதான் உன்கிட்ட சாக்லேட் கேட்டுச்சு, நான் கேக்கல. நீ நல்ல பிள்ளையா பாதி குடுத்த. அவ்வளவுதான் நடந்தது."

"நிஜமா?"

"டாக்டரே சொன்னாங்க."

குருவி அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் தப்பு, அத்தையும் தப்பு. நீ மட்டும்தான் பாஸ்" என்றார்.

லீவு நாளில் அம்மாவை எழுப்பும் வேலை குருவிக்குக் கிடைத்தது. முதல் தடவை கட்டில் ஓரத்தில் நின்று "அம்மா" என்று மூச்சுவிடுவதுபோலக் கூப்பிட்டாள். அம்மா புரண்டு படுத்தாள். "பஸ்ஸுல தூங்குற ஆள எழுப்புற மாதிரி எழுப்புடி, கடைசி ஸ்டாப் வந்துடுச்சுன்னு கத்து" என்று அப்பா வெளியிலிருந்து சொல்லிக் கொடுத்தார். அடுத்த லீவில் குருவி தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரையைக் குறைத்த முதல் நாட்கள் கொடுமையாக இருந்தன. நேரத்துக்கு எழுந்து, நேரத்துக்கு உண்டு, வெயிலில் தொப்பியோடு நடந்து, எல்லாம் ஒழுங்காகச் செய்த ஒரு லீவு நாளிலும் வலி வந்து படுக்கவைத்தது. குருவி முகம் சுருங்கி வாசலில் நின்றாள். அம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "சில நாள் காரணமே இல்லாமலும் வரும்டா, மழை மாதிரி. நீ போய் விளையாடு, சத்தம் வந்தா வரட்டும்" என்றாள். குருவி போகவில்லை, ஆனால் நுனிக்காலில் நிற்கவும் இல்லை. கட்டிலில் ஏறிப் படுத்துத் தன் பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பித்தாள். அம்மா பாதியில் தூங்கிப்போனாள்.

பிறகு வலி வரும் நாட்கள் தூரம் தூரமாகத் தள்ளிப் போயின. நாத்தனார் ஒரு நாள் ஆரஞ்சுப் பழமும் சாக்லேட்டும் எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். "போன்ல இப்ப வேற மாதிரி போட்டிருக்கான்" என்றாள், யார் முகத்தையும் பாராமல். சாக்லேட்டைப் பிரித்துக் குருவியின் வாயில் அவளே ஊட்டினாள். குருவி "எனக்குப் பிடிக்காது" என்று சொல்லவில்லை. கூடத்தில் மாவண்ணன் வைக்கும் பன் மிச்சம் ஆவதில்லை. "அதுல என்ன போட்டிருக்கான்னு கண்டுபிடிச்சிட்டியா?" என்று அவர் கேட்டால், "உங்க மாவுதாண்ணே" என்று சொல்லிக்கொண்டே தின்பாள். வேண்டுதலும் மாறியது. இப்போது கேட்பதற்கு எதுவும் இல்லாததால், நன்றியை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

அப்படியொரு மாலையில் வேலை முடிந்து பேருந்தில் வரும்போது நடத்துநர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். கணவரோடு ஒரே பணிமனையில் இருப்பவர்.

"அண்ணி, அண்ணனுக்கு முட்டி எப்படி இருக்கு?"

"முட்டியா?"

"லீவு நாள் காலைல நாங்கல்லாம் மைதானத்துல பந்து விளையாடுவோமே. அண்ணன் கோல்ல நின்னார்னா பஸ்ஸக் குறுக்க நிறுத்தின மாதிரி இருக்கும், ஈ நுழையாது. முட்டி வலின்னு சொல்லி நின்னவர்தான், எத்தனையோ வருஷம் ஆச்சு. அவர் இல்லாம வாராவாரம் தோத்துக்கிட்டுக் கிடக்கோம். முட்டி சரியானா வரச் சொல்லுங்க."

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறும் முட்டி அது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"இப்ப பரவாயில்ல" என்றாள்.

வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால், "அதெல்லாம் சின்னப் பிள்ளைங்க ஆட்டம், எனக்கே அலுத்துப்போச்சு" என்று சிரித்து மழுப்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். இப்போதெல்லாம் லீவு நாளில் அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. போர்வை கட்ட வேண்டாம், கடிகாரத்தை ஒளிக்க வேண்டாம். இருந்தும் பழக்கத்தில் விடியும்போதே எழுந்து குளித்துவிட்டு, முகப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் தெருவைப் பார்த்தபடி நிற்பார்.

அலமாரியின் மேல், பெட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியபோது அது கிடைத்தது. ஆட்டக்காரர்கள் போடும் பூட்ஸ். தோல் வறண்டு வெடித்திருந்தது. ஒரு காலின் அடிப்பகுதி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பையில் போட்டுப் பல்செட் கூடத்துக்குக் கொண்டுபோனாள். சாவி அவளிடமும் ஒன்று உண்டு. யாரும் வருவதற்கு முன்னால் போய்த் திறந்தாள். பிளந்த இடத்தில் ஒட்டியிருந்த பழைய பசையை மெழுகுக் கத்தியால் சுரண்டினாள். சின்னச் சக்கரத்தால் உள்ளே சொரசொரப்பாக்கினாள். புதுப் பசை தடவி, பல்செட் அச்சுகளை நசுக்கிப் பிடிக்கும் திருகில் வைத்து இறுக்கி, மேலே துணியைப் போட்டு மூடினாள். வறண்ட தோலில் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றினாள். பல்லுக்கு மெருகேற்றிப் பழகிய கைக்குத் தோல் எந்த மூலைக்கு!

மாவண்ணன் டீயோடு வந்து துணியின் புடைப்பைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, யானைக்கு ஏதாவது பல்செட்டா?"

"கொஞ்சம் பெரிய வாய்ண்ணே" என்றாள். அவர் மேற்கொண்டு கேட்காமல் பன்னை வைத்துவிட்டுப் போனார்.

லீவு நாள் காலை. தட்டும் கரண்டியுமாக எழுப்பிவிட்ட குருவி, கீழே அத்தையையும் அப்படியே எழுப்புகிறேன் என்று ஓடிவிட்டாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவள் பூட்ஸை எடுத்து வந்து வாசற்கதவின் ஓரம் வைத்தாள். கால் நுழையும்படி கயிறுகளை நன்றாகத் தளர்த்தினாள். ஒட்டிய இடத்தைக் கட்டை விரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். இறுகப் பிடித்திருந்தது. பின்பு, அவர் உட்கார்ந்தே மாட்டிக்கொள்ளட்டும் என்று நாற்காலி ஒன்றையும் இழுத்து அருகில் போட்டுவிட்டு, சமையலறைக்குள் போனாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமல் ரொட்டியை வெட்டத் தொடங்கினாள். அவளுக்குச் சாப்பிடும் நேரம் ஆகியிருந்தது.